சைரன் வாய் மூடிய கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் வரும். மற்றபடி சட்டைக் கம்பெனியில், தெருவில், ஏன், இப்போதெல்லாம் வீட்டிலேயே அவள் சைரன்தான். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள். யாராவது மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள்.

குரல் அப்படி. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் நின்ற அப்பாவுக்கு யாரும் போய்ச் சேதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்த நர்ஸ், “காதைப் பொத்திக்கிட்டு வாங்கிக்குங்க” என்றாளாம். அப்பா பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருக்கிற மனிதருக்கு மகள் குரல் ஒரு பொருட்டே இல்லை. அம்மாவுக்குத்தான் தலைவலி. அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்கிற கவலை அம்மாவுக்குத் தலைக்கு மேல். “மெதுவாப் பேசுடி, நான் பக்கத்துலதானே இருக்கேன்” என்று சொல்லிச் சொல்லியே அந்த அம்மாளின் வாய் வலித்துப்போனது.

பள்ளிக்கூடத்தில் பாட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. சேரும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே பாட்டு டீச்சர் பாதியில் நிறுத்தி, “எல்லாரும் பாடுறது கேக்கணும்மா. இங்க நீ ஒருத்தி பாடுறதுதான் கேக்குது. நீ ஒண்ணு பண்ணு, பாடாத, சும்மா வாயை மட்டும் அசை” என்றார். அவளும் அசைத்தாள். ஆண்டு விழாவில் மூன்றாவது வரிசையில் நின்று, சத்தமே வராமல், வாயை அசைத்துவிட்டு இறங்கினாள். சொல்கிறவர்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. கேட்கிற பிள்ளைக்கு அது பல வருஷத்துக்குக் காணும்.

படிப்பு முடிந்து சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கச் சேர்ந்தாள். மற்றவர்களுக்கு அந்தக் கூடத்தின் இரைச்சலைக் கேட்டதும் அழுகை வரும். இவளுக்கு வாயெல்லாம் பல். வரிசை வரிசையாய் மிஷின்கள் கடகடவென்று ஓடுகிற இடத்தில் எவ்வளவு கத்திப் பாடினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது! காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதிய இடைவேளை வரைக்கும் தொண்டை கிழியப் பாடுவாள். உலகத்திலேயே அவளை வாயை மூடு என்று சொல்லாத ஒரே இடம் அதுதான்.

இரைச்சலில் பேச முடியாது என்பதால் அந்தக் கூடத்துப் பெண்களுக்குக் கைதான் வாய். தலைக்கு மேலே ஒரு விரலைச் சுழற்றினால் நூல் தீர்ந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து அமர்த்தினால் மெதுவாகத் தை, இங்கே குவிகிறது. இரண்டு கையையும் ஏந்தி நெஞ்சுப் பக்கமாக வாரினால், கையில் துணி இல்லை, இன்னும் அனுப்பு. கரண்ட் போய் வந்தால் வாசல் பக்கம் இருக்கிறவள் இரண்டு கையையும் உயரத் தூக்கி விரலை விரிப்பாள்: வந்துவிட்டது, ஓட்டுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான சைகை ஒன்று உண்டு. காது மடலைப் பிடித்தால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். அவர் எப்போதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வருவார். அதனால் வந்த சைகை. ஒருத்தி காதைப் பிடித்தால் போதும், அது ஒரு நொடியில் வரிசை முழுக்கப் போய்ச் சேரும். கையால் நடக்கிற கதை நிற்கும், சிரிப்பு நிற்கும், எல்லாத் தலையும் மிஷின் மேல் கவிழும். புதிதாகச் சேர்கிறவள் தைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்வாள்.

அவளுடைய குரல் வெளியே வந்ததும் கரண்ட்டால்தான். ஒரு நாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. எல்லா மிஷினும் ஒரே நேரத்தில் நின்றது. காலர் வரிசையில் ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய கூடம் முழுக்க அந்த ஒரு குரல். கட்டிங் பிரிவில் ஒருவர், சாப்பாட்டுச் சைரன் அடித்துவிட்டது என்று நினைத்துக் கத்திரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். “ஏம்மா, சைரன் அடிச்சுதா?” என்று அவர் கேட்டதில் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர் அன்றைக்கு ஒட்டியது.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். தைத்த சட்டைகளைச் சோதிக்கிற மேஜையில் வேலை பார்ப்பவள். தடித்த கண்ணாடி போடுவதால் அவளைக் கண்ணாடி என்பார்கள். அடுத்த தடவை கரண்ட் போகும்வரை காத்திருந்து, செல்போனில் அந்தப் பாட்டைப் பதிவு செய்து, யாரிடமும் கேட்காமல் ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டாள். ஊர் நூலகத்தின் மாடியில் இளம் கலைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி நடத்துகிறார்கள் என்று அவள் எங்கோ பார்த்திருந்தாள். சில வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். சைரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “என் குரல் வேணும்னு சொல்றாங்களா? சத்தத்தோடவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “சத்தத்தோடதான்டி” என்றாள் கண்ணாடி.

மேடை ஏறப்போகிறோம் என்ற நினைப்போடு நூலக மாடிக்குப் போனவளுக்கு அங்கே முதல் நாளே ஓர் இடி காத்திருந்தது. பயிற்சியை நடத்தியவர் குட்டை முடியும் பெரிய சிரிப்புமாக இருந்த ஒரு மேடம். அங்கே வந்திருந்தவர்களில் வரைகிறவன், ஆடுகிறவள், டிரம் அடிக்கிறவன் என்று எல்லா வகையும் உண்டு. மேடம் விதியைச் சொன்னார். ஒவ்வொருவரும் தங்கள் தெருவிலோ வேலை செய்யும் இடத்திலோ இதுவரை மேடை ஏறாதவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைக்க வேண்டும். ஆண்டு முடிவில் அந்தக் குழு ஊர் மண்டபத்தில் மேடை ஏறும். தானாக நிற்கக்கூடிய குழு என்று தெரிந்தால், அடுத்த ஒரு வருஷத்துக்கு வாரம் ஒரு மாலை அந்த மண்டபம் அவர்களுடையது. சாவியே கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தலைவராக இருப்பவர் அன்றைக்குப் பாடக்கூடாது, ஆடக்கூடாது, வரையக்கூடாது.

“நான் பாடக்கூடாதா?” என்று சைரன் கேட்டது கீழ்த்தளத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

“நீங்க பாடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார் மேடம். “பாட வைப்பீங்களான்னுதான் தெரியல. அதைப் பாக்கத்தான் இந்த வருஷம்.”

வரைகிற பையன் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, “கொல்றாங்க” என்று முணுமுணுத்தான். சைரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் வாயை மூடு என்கிறார்கள், இந்த முறை மரியாதையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து போகமாட்டேன் என்றாள். ஆனால் அந்த மண்டபம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. உயரமான கூரை, மரத்தரை, கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் வந்து மெதுவாக என்று சொல்ல முடியாத இடம். அடுத்த வாரம் நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனியில் ஆள் சேர்த்தது தனிக்கூத்து. “பாட்டா? எனக்குத் தொண்டையில கோளாறு” என்றாள் ஒருத்தி, அவள் வாயாடுவதில் பட்டம் வாங்கியவள். “என் வீட்டுக்காரர் சிரிப்பார்” என்றாள் இன்னொருத்தி. கடைசியில் காஜா அக்கா வந்ததும்தான் காரியம் நடந்தது. சட்டைக்குப் பொத்தான் ஓட்டை எடுக்கிற காஜா மிஷினில் இருக்கும் அக்காவுக்கு அந்தக் கூடத்தில் ஒரு தனி மதிப்பு. “வாங்கடி, இவ ஒருத்தியா கத்திக் கத்திச் செத்துடப் போறா” என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னதும் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். கண்ணாடி முதல் ஆள்.

துணி உருளைகளுக்குப் பின்னால், மதிய இடைவேளையில், பாட்டு தொடங்கியது. பாட்டும் அவர்கள் சொந்தச் சரக்குதான். ஆளுக்கு ஒரு வரி போட்டார்கள்.

ஓடு ஓடு ஊசியே, ஒரு முழம் இன்னும் பாக்கி!
உனக்கு நூலை நான் தருவேன், எனக்குப் பாட்டை நீ கொடு!

சைரன் முன்னால் நின்று பாடிக் காட்டினாள். எல்லாரும் கூடவே பாடினார்கள். ஆஹா என்று இருந்தது. இப்படியே பல நாள் போனது. ஒரு நாள் அவளுக்கு இருமல் வந்து பாதியில் நின்றாள். பின்னாலிருந்த மொத்தக் குழுவும் அதே இடத்தில் நின்றது. காஜா அக்கா அவளையே பார்த்தாள்.

“நீ நிறுத்துனா நாங்களும் நிறுத்திடுறோம், பாத்தியா? உன் குரல் மேல நாங்க சும்மா தொத்திக்கிட்டு வர்றோம்டி. சொல்லப்போனா, எங்கள்ல பாதிப் பேர் வாயை மட்டும்தான் அசைக்கிறோம்.”

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. மூன்றாவது வரிசையில் நின்ற பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். தன் எதிரில் அப்படிப் பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள், நிற்க வைத்தது தானே என்று புரிந்தபோது அவளுக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

வாயை மூடினால் கையால் நடத்த வேண்டும். நூலக மாடியில் மேடம் அழகழகாகக் கை வீசக் கற்றுக்கொடுத்திருந்தார். அதை இவள் செய்து காட்டினால் இங்கே ஒருத்திக்கும் விளங்கவில்லை. “ஈ ஓட்டுறியா?” என்றாள் தொண்டைக் கோளாறுக்காரி. பாட்டு தறிகெட்டு ஓடியது. பின்வரிசை ஒரு வரி முன்னால் போய்விட்டது. பதறிப்போன சைரன் யோசிக்காமல் உள்ளங்கையைக் கவிழ்த்து அமர்த்தினாள். மெதுவாகத் தை, குவிகிறது!

பின்வரிசை சட்டென்று வேகம் குறைந்தது. எல்லாக் குரலும் ஒரே வரியில் வந்து சேர்ந்தது.

அவளுக்குப் புல்லரித்துவிட்டது. இரண்டு கையையும் ஏந்தி நெஞ்சுப் பக்கம் வாரிப் பார்த்தாள்: இன்னும் அனுப்பு. குரல்கள் எழும்பின, துணி உருளைகள் அதிரும் அளவுக்கு! இவர்களுக்கு எதையும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை, இத்தனை வருஷமாகக் கையைப் பார்த்து ஓடிப் பழகியவர்கள்! சனிக்கிழமைப் பயிற்சிக்கு நூலக மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப்போய் மேடத்திடம் சொன்னாள். மேடம் எல்லாச் சைகையையும் செய்து காட்டச் சொல்லி, தானும் செய்து பார்த்து, சந்தோஷத்தில் மேஜையைத் தட்டினார். டிரம் அடிக்கிறவன் அதில் இரண்டைத் தன் குழுவுக்குக் கடன் கேட்டான்.

மேடை நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபம் நிறையக் கூட்டம். அம்மா முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அப்பாவுக்கு வண்டி டூட்டி. சூப்பர்வைசரையும் கூப்பிடத்தான் வேண்டும் என்று கண்ணாடி போய்க் கூப்பிட்டிருந்தாள். “பாக்கலாம்” என்றாராம். அவர் பாக்கலாம் என்றால் வரமாட்டார் என்பது கம்பெனிக்கே தெரிந்த சங்கதி.

பயத்தில் காஜா அக்கா உட்பட எல்லாரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மேடை ஏறினார்கள். சைரன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு வாசல் இருந்தது. நின்ற இடத்திலிருந்து அது அவள் கண்ணில் நேராகப் பட்டது. இரண்டு கையையும் உயர்த்தி விரலை விரித்தாள். கரண்ட் வந்தாச்சு! பாட்டு கிளம்பியது.

என்ன கிளம்பல்! ஓடு ஓடு ஊசியே என்று முன்வரிசை எடுக்க, பின்வரிசை நாக்கால் கடகடவென்று மிஷின் ஓட்ட, தொண்டைக் கோளாறுக்காரி தனியாக ஒரு வரியை அள்ளி வீசினாள். கூட்டத்தில் யாரோ தாளம் போடத் தொடங்கினார்கள். சைரனுக்கு உடம்பெல்லாம் பாட்டாக இருந்தது. வாய் மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது. இரண்டாவது அடி முடியும் நேரத்தில் பக்கவாசல் கதவு திறந்தது. செல்போனைக் காதில் வைத்தபடி சூப்பர்வைசர் உள்ளே வந்தார்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நடந்திருக்காது. அவளுடைய வலது கை தானாக எழுந்து காது மடலைப் பிடித்தது.

பாட்டு அறுந்தது. இருபது தொண்டையும் ஒரே நொடியில் நின்றது, இருபது தலையும் கவிழ்ந்தது. கண்ணாடி குனிந்து, கையில் இல்லாத சட்டையை விரித்துச் சோதிக்க ஆரம்பித்தாள். ஒருத்தியின் கால், இல்லாத மிஷினை மிதித்தது. கூட்டத்தில் ஈயாடவில்லை. இது பாட்டிலேயே வருகிற இடமோ என்று சிலர் காத்திருந்தார்கள். கை இன்னும் காதிலேயே இருக்க, சைரன் கல்லாக நின்றாள். ஒரு வருஷ உழைப்பு, சாவி, மண்டபம் எல்லாம் போச்சு, தன் கையாலேயே போச்சு.

அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “நீ பாடுடி!”

அம்மா. மெதுவாகப் பேசு என்று வாழ்நாளெல்லாம் சொன்ன அம்மா, கைப்பை தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால் கத்தினாள். “பாடுடி, பாடிடு!”

இதைக் கேட்கத்தானே அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தாள்! மூச்சை நிறைய இழுத்தாள். எல்லா மிஷினும் நின்ற கூடம், ஒரே ஒரு குரல். அன்றைக்குக் கரண்ட் போனபோது இருந்த அதே அமைதி. ஒரு வரி எடுத்தால் போதும், மண்டபம் அவள் காலில். குழுவும் தலையைத் தூக்கி, அவள் குரலில் தொத்திக்கொண்டு கரைசேர்ந்துவிடும். பின்வரிசையில் தலை கவிழ்ந்து நின்ற ஒருத்தியின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது அவள் கண்ணில் பட்டது.

இழுத்த மூச்சை அப்படியே விட்டாள். வாயை மூடிக்கொண்டாள். காலால் மேடையை ஓங்கி ஓர் உதை உதைத்தாள். இருபது தலையும் நிமிர்ந்தது. இரண்டு கையையும், தோள் கழன்றுவிடும்போல, உயரத் தூக்கி எல்லா விரலையும் விரித்தாள். கரண்ட் வந்துடுச்சு, ஓட்டுங்கடி!

முதலில் காஜா அக்கா. பிறகு எல்லாரும். கரண்ட் வந்ததும் கூடம் முழுக்க மிஷின்கள் சேர்ந்து கிளம்புமே, அந்த வேகத்தில் கிளம்பினார்கள். பயமெல்லாம் எங்கே போனதோ! சைரன் இரண்டு கையாலும் வாரி வாரி இன்னும், இன்னும் என்று கேட்டாள், அவர்கள் அனுப்பினார்கள். கடைசி வரி முடிந்தபோது கூட்டம் எழுந்து நின்று தட்டிய தட்டலில் மேடத்தின் கண்ணாடி டம்ளர் மேஜையிலிருந்து விழுந்தது. சைரன் மேடையிலேயே குந்தி உட்கார்ந்து, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திணறினாள்.

மேடம் அவளைக் கைபிடித்து எழுப்பினார். “நடுவுல நின்னுச்சே, அது என்ன?”

“தப்பு மேடம். என் கைதான். பழக்கதோஷம்.”

“உங்கம்மா சொன்னப்ப பாடியிருக்கலாமே?”

“பாடியிருப்பேன் மேடம். தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அப்புறம் இவங்க எப்பப் பாடுறது?”

மேடம் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

அந்தப் பக்கம் சூப்பர்வைசர், தான் உள்ளே வந்ததும் பாட்டு ஏன் நின்றது என்று கண்ணாடியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். “அப்ப, நான் வரும்போதெல்லாம் எல்லாரும் குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தது...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை, முகம் சிவந்து, வந்த வாசல் வழியாகவே போய்விட்டார். திங்கட்கிழமை எல்லாருக்கும் திக்திக் என்றிருந்தது. அவர் வாசலில் வந்து நின்றார். செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கூடத்தைப் பார்த்து, தன் காது மடலைத் தானே பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். அன்றைக்கு எழுந்த சிரிப்பில் மிஷின் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் சைரன் தன் கையாலேயே மண்டபத்தைத் திறந்தாள். எல்லாரும் வந்தார்கள். அம்மாவும் வந்தாள், சும்மா பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சைரன் வழக்கம்போல முன்னால் போய் நின்று கையைத் தூக்கினாள். யாரும் பாடவில்லை.

“கையைக் கீழ போடு” என்றாள் காஜா அக்கா. “மேடை முடிஞ்சாச்சு, விதியும் முடிஞ்சாச்சு. இன்னிக்கு நீ பாடு. நாங்க கேக்கணும்.”

சைரன் கையைக் கீழே போட்டாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். கடைசியில் தொடங்கினாள்: ஓடு ஓடு ஊசியே. மெதுவாகத்தான் தொடங்கினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில். மிஷின் ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு கத்துவது வேறு. எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாடுவது வேறு.

காஜா அக்கா இரண்டு கையையும் ஏந்தி நெஞ்சுப் பக்கம் வாரினாள். இன்னும் அனுப்பு. கண்ணாடி வாரினாள். தொண்டைக் கோளாறுக்காரி வாரினாள். இருபது ஜோடிக் கைகள் அவளிடம் கேட்டன. சைரன் குரலைக் கொஞ்சம் திறந்தாள், இன்னும் கொஞ்சம் திறந்தாள். அப்போதுதான் சுவரோரம் பார்த்தாள். கம்பெனிக்குள் ஒரு நாளும் காலெடுத்து வைக்காத அம்மா, எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்து, சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகத்தோடு, தன் இரண்டு கையையும் ஏந்தி நெஞ்சுப் பக்கம் வாரிக்கொண்டிருந்தாள்.

சைரன் மொத்தத்தையும் அனுப்பினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, எதிர்வீட்டு நாய் குரைத்தது, தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா கையை நிறுத்தவே இல்லை.